டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேருங்கள்: தலைக்காயத்துக்குப் பிறகான ஹார்மோன் பரிசோதனைக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், மயிலாடுதுறை மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒரு வரி. தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இரண்டு நாளுக்கு மேல் தங்கி, பிழைத்து, வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் இப்படி எழுதித் தாருங்கள்: "மூன்று மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வந்து ஹார்மோன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி வரவும்." வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எழுதுகிறீர்கள். தையல் பிரிக்க வர வேண்டிய தேதியை எழுதுகிறீர்கள். இந்த வரியும் அவற்றோடு இருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, எழுதியபடி நடக்கவும் வேண்டும் என்பதால்தான் மடல் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பிக்கு அடிபட்ட பிறகு தேடிப் படித்ததும், பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

அடிபட்டவரைக் காப்பாற்றுவதில் இந்த மாநிலம் செய்திருப்பது பெரிய காரியம். அதைச் சொல்லாமல் குறை பேச எனக்கு மனம் வரவில்லை. 108-க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. முன்பெல்லாம் வழியிலேயே போயிருக்க வேண்டிய உயிர்கள் இப்போது வீட்டுக்கு வருகின்றன. வந்தவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

டெல்டாவில் தலைக்காயம் எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பா அறுவடைக் காலத்தில் தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்கிறது. அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கும். இருட்டில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் ஏறி விழுகிறார், இல்லாவிட்டால் நெல்லில் டயர் வழுக்கி விழுகிறார். அறுவடை இயந்திரங்கள் விளக்கில்லாமல் ரோட்டில் போகின்றன. ஆற்றங்கரைச் சாலைகளில் தடுப்பே இல்லாத வளைவுகள் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை ஏறுகிறவர்கள் விழுகிறார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுகிறார்கள். பெரும்பாலும் இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள், வீட்டுக்குச் சோறு போடுகிற ஆட்கள்.

இனி அந்தச் சுரப்பியைப் பற்றி. மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது திறந்த மடல், அடிபட்டவர்களின் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மூளையின் அடிப்பக்கத்தில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்பில் குழிந்த ஒரு சின்ன இருக்கையில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பெயர் பிட்யூட்டரி. எடை அரை கிராம்தான். மெல்லிய ஒரு காம்பில் மூளையோடு தொங்குகிறது. கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல், ஆணின் விந்தகம், பெண்ணின் சூலகம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் உத்தரவு போகிறது. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் இது தலைப்பு மதகு. மதகு உடைந்தால் கடைமடை காயும். கடைமடை வயலில் ஒரு கோளாறும் இருக்காது, வயலைத் தோண்டிப் பார்த்துப் பயனும் இல்லை.

தலை வேகமாக ஆட்டம் கண்டு நிற்கும்போது அந்தக் காம்பு இழுபடலாம், கிழியலாம். மூளை வீங்கும்போது அது நசுங்கலாம். சுரப்பியின் முன்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் காம்பு வழியாக இறங்கும் மெல்லிய ரத்தக் குழாய்களில்தான் வருகிறது. அது தடைப்பட்டால் சுரப்பியில் ஒரு பகுதி செத்துப்போகும். ஓரங்களில் இருக்கிற செல்கள், அதாவது வளர்ச்சி ஹார்மோனுக்கும் பாலின ஹார்மோன்களுக்கும் உரியவை, அதிகமாக அடிபடுவதற்கு இதுவே காரணம் என்று சொல்கிறார்கள். அட்ரினலுக்கு உத்தரவு தரும் செல்கள் நடுப்பக்கம் இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். ஆனால் அவை போனால்தான் உயிருக்கு ஆபத்து. அடிபட்ட சில நாளில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இதையெல்லாம் பார்க்க முடியாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கும், சுரப்பி வேலை செய்யாது.

இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியும் இல்லை. தலைக்காயத்துக்குப் பிறகு பிட்யூட்டரி செயலிழந்த முதல் நோயாளியைப் பற்றி 1918-லேயே ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறார்கள். ரொம்ப காலம் இதை அபூர்வம் என்றே நினைத்தார்கள். 2000-க்குப் பிறகு பல நாடுகளில் தேடிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் எண்ணிக்கை வெளியே வந்தது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. தலைக்காயம் பட்டு மாதங்கள் கடந்தவர்களில் சராசரியாக 27.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பிட்யூட்டரி ஹார்மோன் குறைவாக இருந்தது என்றது அது. பரிசோதனை முறையைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும் என்று பிறகு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த மோசமான காயங்களே அந்த ஆய்வுகளில் அதிகம் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சரி, பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு நியூரோ வார்டில் ஏழெட்டுப் படுக்கைக்கு ஒருவர். பிரிட்டனில் மூளைக்காய மருத்துவர்களும் ஹார்மோன் மருத்துவர்களும் சேர்ந்து, யாரை எப்போது பரிசோதிப்பது என்று 2017-இல் வழிகாட்டுதலே வெளியிட்டார்கள்.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அறுவடை நேரம், ராத்திரி, பைக். மண்டையின் அடி எலும்பில் விரிசல், உள்ளே ரத்தக் கசிவு. ஆபரேஷன் தேவைப்படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, வார்டுக்கு வந்து, வீட்டுக்கும் வந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் சொந்தமெல்லாம் பெருமூச்சு விட்டது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். அவன் கையில் இருந்த சீட்டில் வலிப்பு மாத்திரையும் ஒரு மறுபரிசோதனைத் தேதியும் இருந்தன. அந்தத் தேதியில் போனோம், "நல்லா இருக்கார், தேவைன்னா வாங்க" என்றார்கள்.

அதன் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளானான். காலையில் எழுந்திருக்க முடியாது. பத்து மணிக்கு வயலுக்குப் போனால் பதினொன்றுக்கு வரப்பில் உட்கார்ந்துவிடுவான். சித்திரை வெயிலில் போர்வை கேட்பான். முகத்தில் முடி வளர்வது குறைந்து, வாரக்கணக்கில் சவரம் தேவைப்படாமல் போனது. வயிறு மட்டும் பெருத்தது. சொன்னது மறந்துபோகும், ஞாபகப்படுத்தினால் கோபம் வரும். எழுந்து நின்றால் கண் இருட்டும். ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடிபட்டதைச் சாக்கு வைத்துச் சோம்பேறியாகிவிட்டான் என்றார்கள். விழுந்த இடத்தில் ஏதோ அண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். ஒரு தனியார் மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை தந்தார். மனச்சோர்வும் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. மாத்திரையில் ஒன்றும் மாறவில்லை.

தம்பி மனைவி ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் ஒன்றைச் சொன்னாள். அவனுக்கு அவளிடம் இருந்த நாட்டம் முழுவதுமாக நின்றுவிட்டது என்றும், அவள் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள் என்றும். இதை எழுதலாமா என்று அவளிடமும் தம்பியிடமும் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, இன்னொருத்தி அழாம இருக்கட்டும்" என்றாள் அவள். தம்பி தலையாட்டினான். டெஸ்டோஸ்டீரோன் என்ற ஒரு ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தத் துன்பம் இல்லை. அடிபட்டது பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு நின்றுபோகும். அதிர்ச்சியில் நின்றிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு வளர்த்தி நின்றுவிடும், பருவமடைதல் தள்ளிப்போகும், சில நேரம் முந்தியும் வரும். என் வகுப்பில் வருடக்கணக்காக முதல் வரிசையிலேயே நிற்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம், சின்ன வயதில் தலையில் பலமாக அடிபட்டதுண்டா என்று இப்போதெல்லாம் கேட்கிறேன்.

அவனுக்கு நடுவில் ஒரு முறை தைராய்டும் பார்த்தார்கள். டி.எஸ்.எச். மட்டும். நார்மல் என்று வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நம் ஊர் முகாம்களிலும் ஆய்வகங்களிலும் தைராய்டு என்றாலே டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதுதான் வழக்கம். டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி அனுப்புகிற உத்தரவு. தைராய்டு கெட்டிருந்தால் பிட்யூட்டரி சத்தமாகக் கத்தும், அதனால் டி.எஸ்.எச். ஏறும், கண்டுபிடித்துவிடலாம். பிட்யூட்டரியே கெட்டிருந்தால் கத்த ஆள் ஏது? டி.எஸ்.எச். நார்மலாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கும், ஆனால் உடம்பில் போதுமான தைராய்டு ஹார்மோன் இருக்காது. கூடவே ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கிற ஹார்மோனின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். தலையில் அடிபட்டவருக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதித் தருவது, பார்க்காமல் இருப்பதைவிட மோசம். பார்த்தாகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம்.

கடைசியில் ஒரு காய்ச்சல்தான் எங்களுக்கு உண்மையைச் சொன்னது. காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு. வீட்டில் எல்லாருக்கும் வந்து போனதுதான். அவன் மட்டும் மயங்கி விழுந்தான். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது. சலைன் ஏறிக்கொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறவில்லை. இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர், "இவருக்கு எப்பவாவது தலையில அடிபட்டதா?" என்று கேட்டார். அடிபட்டதற்குப் பிறகு எத்தனையோ மருத்துவரைப் பார்த்திருந்தோம், அந்தக் கேள்வி எங்கள் காதில் விழுந்தது அன்றுதான். அட்ரினல் சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார். விடிவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். கார்டிசால் அடிமட்டத்தில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஃப்ரீ டி4, டெஸ்டோஸ்டீரோன் இரண்டும் குறைவு.

முதலில் கார்டிசாலுக்கு மாத்திரை, அது பழகிய பிறகே தைராய்டு மாத்திரை, அதற்கும் பிறகு டெஸ்டோஸ்டீரோன் ஊசி என்று வரிசையாகத் தொடங்கினார்கள். இந்த வரிசை முக்கியம். கார்டிசால் இல்லாதவருக்குத் தைராய்டு மாத்திரையை முந்திக் கொடுத்தால் இருக்கிற கொஞ்சத்தையும் உடம்பு வேகமாகக் கரைத்துவிடும், ஆள் சரிந்துவிடலாம். இப்போது தம்பி வயலுக்குப் போகிறான். மறதி இன்னும் இருக்கிறது, அது மூளைக்காயத்தோடு வந்தது, போகாமலும் இருக்கலாம். ஆனால் மத்தியான வெயிலில் நாற்றுக்கட்டு தூக்குகிறான், பிள்ளைகளோடு சத்தம் போட்டு விளையாடுகிறான்.

உங்கள் பக்கத்திலிருந்து என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். ஹார்மோன் நிபுணர்கள் குறைவு என்பீர்கள். உண்மைதான். டெல்டாவில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே படித்த மருத்துவரைத் தேடிப் போவது எவ்வளவு சிரமம் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முதல் கட்டச் சல்லடைக்கு நிபுணர் தேவையில்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்றும், நடுவில் இருந்தால் சுரப்பைத் தூண்டிவிட்டு மறுபடி அளக்கும் தூண்டல் பரிசோதனை வேண்டும் என்றும் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. பொது மருத்துவர் பார்த்துப் பிரித்துவிடலாம். சந்தேகம் உள்ளவர்களை மட்டும் நிபுணருக்கு அனுப்பலாம், காணொளி வழியாகக் கேட்கவும் வழி இருக்கிறது.

செலவு என்றால், வளர்ச்சி ஹார்மோனை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். அதற்கான பரிசோதனையும் சிக்கல், பெரியவர்களுக்கான சிகிச்சையும் விலை அதிகம், யாருக்குக் கொடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. காலை கார்டிசால், ஃப்ரீ டி4-உடன் டி.எஸ்.எச்., சோடியம், பால் சுரப்புக்கான ப்ரோலாக்டின், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன், மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சூலகத்துக்குப் போகும் உத்தரவுகளான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இவ்வளவு போதும் தொடங்க. ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கத் தயங்காத இடத்தில் இதற்குத் தயங்க வேண்டாம். லேசாக அடிபட்டு அன்றே வீடு திரும்பிய எல்லாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. ஸ்கேனில் ரத்தக் கசிவோ மண்டையின் அடி எலும்பில் முறிவோ இருந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், இரண்டு நாளுக்கு மேல் தங்கியவர்கள். மற்றவர்களில் மாதங்கள் கழித்தும் சோர்வு தீராமல் இருப்பவர்கள் மட்டும்.

ஏன் மூன்று மாதம் என்றும் கேட்கலாம். அடிபட்ட வாரத்தில் எடுத்தால் எல்லா எண்களும் தாறுமாறாக இருக்கும். அந்த நேரத்தில் குறைந்திருப்பது பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், அப்போது நன்றாக இருப்பவருக்குப் பின்னால் குறையவும் செய்யும். அதனால்தான் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு முறை, வருடம் முடிந்து ஒரு முறை. வார்டிலேயே கவனிக்க வேண்டியது என்று பார்த்தால் கார்டிசால் குறைந்து அழுத்தமும் சோடியமும் விழுவது ஒன்று, அடங்காத தாகத்தோடு லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போவது இன்னொன்று. சர்க்கரை இல்லாமல் அப்படிப் போனால் அது பிட்யூட்டரியின் பின்பகுதி அடிபட்டதன் அடையாளம்.

எட்டு மணி என்று எழுதுவது சுலபம். கோடியக்கரையில் இருக்கிறவரும், முத்துப்பேட்டையில் இருக்கிறவரும் எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் வாசலில் நிற்க வேண்டுமென்றால் நடுராத்திரிக்கு மேல் எழுந்து கிளம்ப வேண்டும். நடக்கவே தள்ளாடுகிற ஆள், பஸ்ஸில், துணைக்கு ஒருவர், அவருக்கும் அன்றைய கூலி போச்சு. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கும்போது பதினொன்று ஆகியிருக்கும். கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து மத்தியானத்துக்குள் பாதியாக இறங்குகிற ஹார்மோன், பதினொரு மணி ரத்தத்தில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன முடிவு சொல்ல முடியும்? எனவே ரத்தத்தை அந்தந்த ஊர் வட்ட மருத்துவமனையிலேயே எடுங்கள். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, சீர்காழி எல்லா இடத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துக் குளிர்பெட்டியில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். போக வேண்டியது குழாய், ஆள் போக வேண்டாம். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்தாலே ஒரு மாவட்டத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

ரத்தம் எடுக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: சமீபத்தில் ஏதாவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்தீர்களா? மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் என்ன மருந்து என்றே தெரியாமல் ஊசி போட்டுக்கொள்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது கார்டிசால் கணக்கைக் குழப்பிவிடும்.

மருந்து விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எங்கள் பக்கத்துச் சின்ன ஊர் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை, சொல்லி வைத்து வாங்குகிறோம். விலை உயர்ந்த மருந்து அல்ல அது. ஆனால் ஒரு நாள் விட்டாலும் ஆபத்து. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வட்ட மருத்துவமனை வரைக்கும் அது வந்து சேர வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை கொடுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில். 108 வண்டியில் வருகிற தம்பி தங்கைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் அந்த அட்டையைப் பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

இந்த ஏற்பாடு தலைக்காயக்காரர்களுக்கு மட்டும் உதவுவதும் இல்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, அதே பிட்யூட்டரிக்கு ரத்தம் போகாமல் அது செயலிழந்துவிட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். தாய்ப்பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்ப வராது, வருடக்கணக்கில் 'ரத்த சோகை' என்ற பெயரில் டானிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கும் இதே கதி வருவதுண்டு. பர்மாவில் விரியன் கடித்தவர்களிடம் இதைக் கண்டு 1987-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், பிறகு இந்தியாவிலிருந்தும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நெல்வயலும் எலியும் விரியனும் ஒன்றாக இருக்கிற இந்தப் பூமியில் இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பாம்பு கடித்துச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்து பிழைத்து வந்தவர் பிறகு எழுந்து நடமாடவே தெம்பில்லாமல் கிடந்தால், விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று பத்தியம் போடுகிறோம். அவருக்கும் பார்க்க வேண்டியது அதே காலை ரத்தம், அதே கார்டிசால், அதே ஃப்ரீ டி4. மூன்று வகை நோயாளிகளுக்கும் ஒரே நாள், ஒரே குளிர்பெட்டி.

ஏற்கெனவே அடிபட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு பெட்டியில் மடங்கிக் கிடக்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு எந்த வீட்டில் யார் எப்போது விழுந்தார் என்பது அத்துப்படி. அவர் கையில் சில கேள்விகள் கொடுங்கள். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, அப்போதிலிருந்து அசதி தீரவில்லையா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, வெயிலிலும் குளிர்கிறதா, மாதவிலக்கு நின்றதா, முகமுடி குறைந்ததா. ஆம் என்று சொன்னவர்களுக்கு ஒரு சீட்டு எழுதி வட்ட மருத்துவமனைக்கு அனுப்பட்டும். மலட்டுத்தன்மை, தாம்பத்தியம் பற்றிய கேள்வியைப் பெண்களிடம் அவர் கேட்கலாம், ஆண்களிடம் மருத்துவர் தனியாகக் கேட்கட்டும்.

இந்த மடலைப் படிக்கிற குடும்பங்களுக்கு: உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு போய், "தலையில் அடிபட்டதற்குப் பிறகு பிட்யூட்டரி ஹார்மோன் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். எந்தப் புது மருத்துவரிடம் போனாலும், பல வருடம் ஆகியிருந்தாலும், அடிபட்டதை முதலில் சொல்லுங்கள். நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்துக்கொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள்.

அதிகாரிகளுக்கு மறுபடியும். மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்குங்கள். ஒரு வருடம் வருகிற தலைக்காய நோயாளிகளுக்கு இதைச் செய்து, எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள், எத்தனை பேருக்குக் குறைவாக வந்தது, எத்தனை பேர் மறுபடி வேலைக்குப் போனார்கள் என்று கணக்கெடுங்கள். டெல்டாவின் எண் 27.5-ஐ விடக் குறைவோ அதிகமோ, எதுவாக இருந்தாலும் அது நம்முடைய எண்ணாக இருக்கும். அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

ஜனவரியில் சம்பா அறுவடை தொடங்கிவிடும், ரோட்டில் மறுபடி நெல் காயும். அதற்கு முன் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வரியை அச்சடிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட முடியும். ஆய்வகமும் குளிர்பெட்டியும் தயாராவதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கலாம், அது எப்போது என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைக்காயம் பட்ட ஒருவரின் அக்கா,
திருத்துறைப்பூண்டி வட்டம்